பிரேக் மாஸ்டரின் புது முட்டி

அந்தத் தெருவில் அவரை பிரேக் மாஸ்டர் என்றால்தான் தெரியும். மாணவர்கள் வைத்த பெயர். முப்பத்தோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவர் இருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்ற மாஸ்டர்கள் அதை ஆபத்துக்கு மட்டும் மிதிப்பார்கள். இவர் எதற்கும் மிதிப்பார். நாய் குறுக்கே ஓடினால் மிதிப்பார். ஓடாவிட்டால், ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டுவதற்காக மிதிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வசவு இலவசம். வைதாலும் கையில் அடிக்க மாட்டார், யாரையும் போலீசில் மாட்டவிட மாட்டார் என்று ஊரில் நல்ல பெயரும் இருந்தது.

அறுபத்து மூன்றாவது வயதில் வலது முட்டி மக்கர் பண்ணியது. எழுந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, படியைப் பார்த்தாலே வலி. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். நடுவே இருக்கவேண்டிய குருத்தெலும்பு சுத்தமாகத் தேய்ந்துபோய், எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன.

"வயசு, உடம்பு எடை, ரெண்டும்தான் காரணம்" என்றார் டாக்டர்.

"இல்லீங்க, பிரேக்" என்றார் மாஸ்டர். "முப்பத்தோரு வருஷம் மிதிச்சிருக்கேன். தேயாம என்ன செய்யும்?"

எடையைப் பற்றிச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. முட்டியை மாற்றிவிடலாம் என்று முடிவானது. ஸ்கூலை மூன்று மாதம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மைத்துனரிடம் போனது. மனைவியின் தம்பியான அவர் அங்கே சாலை விதிகள் வகுப்பு எடுப்பவர். சாலையே அதிர்ந்தாலும் "ஒண்ணும் அவசரமில்ல" என்கிற ரகம். அந்த ஆளிடம் வண்டியைக் கொடுப்பதுதான் மாஸ்டருக்கு ஆபரேஷனைவிடப் பெரிய பயமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு நர்ஸ் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, "எழுந்திருங்க சார், நடக்கலாம்" என்றார்.

"நேத்துதாம்மா வெட்டித் தைச்சாங்க!"

"அதனாலதான் சார் இன்னிக்கு."

"புது வண்டின்னா முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டணும். தெரியுமா உனக்கு?"

"முதல்ல பாத்ரூம் வரைக்கும் ஓட்டுங்க சார். அப்புறம் ஆயிரத்தைப் பாக்கலாம்."

பாத்ரூம் பதினோரு அடி தூரத்தில் இருந்தது. போய்வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் "மெதுவா, இன்னும் மெதுவா" என்று சொல்ல, அவர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கூல் வாசல் பக்கத்து அறையில், வீடு அதற்குப் பின்னால். எல்லாம் தரைத்தளம் என்பதால் படி பிரச்சினை இல்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டார் மனைவி. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். எந்தப் பொருளை எந்த நாளில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் தந்த பயிற்சித் தாளைச் சுவரில் ஒட்டினார். மாத்திரைக்கு நேரம் எழுதினார். ஐஸ் பையைச் சுற்றுவதற்குத் துணி தைத்தார்.

அந்தத் தாளில் எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். காலை நீட்டி முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்த வேண்டும். குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து இழுத்து முட்டியை மடக்க வேண்டும். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு பத்துப் பதினைந்து தடவை. கடைசியில் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை: முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது.

மாஸ்டர் முதலில் செய்ததே அதைத்தான். மடங்கின மாதிரி காலைத் தலையணைமேல் போட்டால் அப்படியொரு சுகம். மனைவி வரும் சத்தம் கேட்டதும் தலையணையை உருவி முதுகுக்குக் கொடுத்துவிடுவார்.

"எதுக்குங்க முதுகுக்கு மூணு தலையணை?"

"முதுகுக்கும் வயசாகுதுல்ல."

வீடு திரும்பிய மூன்றாம் நாள் பிசியோ வந்தார். நாற்பதை நெருங்கும் பெண்மணி, தோளில் ஒரு நீலப் பை, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த வேர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பயிற்சி கொடுப்பது அவர் வேலை. மாஸ்டரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து இரண்டு கை வைத்த பிளாஸ்டிக் கோணமானியை எடுத்து முட்டியில் வைத்தார்.

"அறுபத்திரெண்டு."

"நூத்துக்கு அறுபத்திரெண்டா? முதல் வகுப்பாச்சே!"

"நூத்துக்கு இல்ல சார். நூத்தி இருபது டிகிரி மடங்கணும். தொண்ணூறு வந்தாத்தான் ஒழுங்கா நாற்காலியில உக்காரவே முடியும். மூணு வேளையும் பயிற்சி பண்றீங்களா?"

"பின்ன? மூணு வேளையும்."

பிசியோ சுற்றிலும் பார்த்தார். குதிகால் வழுக்கிப் போவதற்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் விரிப்பு, கவர் பிரிக்காமல் மேஜைமேல் இருந்தது. முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகள். ஒன்றில் கால் அழுந்திய பள்ளம். விரிப்பைப் பிரித்துப் போட்டார். "குதிகாலை இழுங்க சார்" என்றார்.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு அங்குலம் இழுத்துவிட்டு, உலகமே முடிந்ததுபோல் மூச்சுவிட்டார்.

"அது உங்க கால்தானா சார்? இல்ல, வாடகைக்கு எடுத்ததா?"

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ரோஷத்தில் குதிகால் இன்னும் மூன்று அங்குலம் வந்துவிட்டது. பிசியோ கோணமானியை வைத்தார். அறுபத்தெட்டு.

அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் இதே கதைதான். வாக்கரோடு நடக்கும்போது கீழே பார்த்தால், "தரையில என்ன தேடறீங்க? கண்ணு ரோட்டுல இருக்கணும்" என்பார். அவசரப்பட்டுத் திரும்பினால், "யாரு தொரத்துறாங்க உங்களை?" என்பார். ஒருநாள் மாஸ்டர் வாக்கரை அலமாரிமேல் மோதிவிட்டு அலமாரியை முறைக்க, "ஆமாமா, அலமாரிதான் குறுக்க வந்துச்சு" என்றார். இத்தனையும் முகத்தில் சிரிப்பு மாறாமல், குரல் உயராமல்.

அன்று பிசியோ கிளம்பிப் போனதும் மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டார்.

"வாய் ரொம்ப நீளம் அந்த அம்மாவுக்கு. படிச்சவங்க பேசற பேச்சா இது? உடம்பு சரியில்லாத மனுஷன்கிட்ட இப்படியா பேசுவாங்க? ஆனா எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்ன சிரிப்பு?"

"எங்கயோ கேட்டீங்களா? முப்பத்தோரு வருஷமா இந்த ஜன்னல் வழியா நான் கேக்கறேங்க. ஒரு எழுத்து மாறல."

மனைவி உள்ளே போய், ஸ்கூலின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றோடு வந்தார். எல்லா வருஷத்துப் பதிவேடும் அவரிடம் முதுகில் எண் ஒட்டி வரிசையாக இருக்கும். பிசியோவின் பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்ததுமே சந்தேகப்பட்டு, முந்தின நாளே தேடி எடுத்துவைத்திருந்தார். பதினாலு வருஷத்துக்கு முந்தைய பதிவேடு. அந்தப் பெயருக்கு நேரே மூன்று நாள் வருகை. பிறகு காலி. குறிப்பு எழுதும் இடத்தில் மாஸ்டரின் குண்டு கையெழுத்து: "இந்த ஜென்மத்தில் தேறாது."

"நானா எழுதினேன்?"

"உங்க கையெழுத்துதானே? கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க."

மறுவகுப்பு வரைக்கும் இடையில் ஒரு முழு நாள் கிடந்தது. அந்த நாள் மூன்று வேளையும் மாஸ்டர் ஒழுங்காகப் பயிற்சி செய்தார். பயத்திலா வெட்கத்திலா என்று அவருக்கே தெரியாது. பிசியோ வந்ததும் எதையோ விழுங்கியவர்போல, "நீ... நீங்க நம்மகிட்ட வண்டி கத்துக்க வந்திருக்கீங்களாமே" என்றார்.

"மூணு நாள் வந்தேன் சார். நாலாம் நாள் பஸ் பாஸ் எடுத்துட்டேன்."

"அப்ப நான் எழுதினதை..."

"பாத்தேன் சார். நீங்க பதிவேட்டை வண்டியிலயே விட்டுட்டு டீ குடிக்கப் போனப்ப." பிசியோ பையிலிருந்து நோயாளி அட்டையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். "இப்ப உங்க அட்டையிலயும் குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுதலாம் சார்?"

மாஸ்டர் குதிகாலை இழுத்தார். அன்றைக்கு எழுபத்தெட்டு. பிசியோ அட்டையில், "முயற்சி செய்கிறார்" என்று எழுதி அவருக்குக் காட்டினார். அந்த இரண்டு சொல்லை அவர் அன்று மனைவியிடம் நான்கு தடவை சொன்னார்.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே நடப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மைத்துனர் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரிடம், "ஒண்ணும் அவசரமில்ல. ஆஃப் ஆச்சா? ஆகட்டும். மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்வது ஒவ்வொரு நாளும் காதில் விழுந்தது. வண்டி முனகாமல், குலுங்காமல் நகர்ந்தது. அந்த மாதம் தேர்வுக்குப் போன ஏழு பேரில் ஆறு பேர் பாஸ் என்ற செய்தியும் வந்தது. மாஸ்டர் காலத்தில் ஏழுக்கு நாலு வந்தால் பெரிது.

"ஆறா?"

"ஆறு மாமா" என்றார் மைத்துனர். "ஏழாவது ஆளுக்கு அன்னிக்குக் காய்ச்சல்."

"அதிகாரி மாறியிருப்பாரு" என்று மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காவது வாரம். தையல் பிரித்தாகிவிட்டது. வாக்கர் போய் கைத்தடி வந்துவிட்டது. மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தார். மைத்துனர் இன்னொரு வண்டியோடு தேர்வு மைதானத்துக்குப் போயிருந்தார். பயிற்சி வண்டி வாசலில் சும்மா நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. ஓட்டவேண்டும் என்றெல்லாம் மாஸ்டருக்கு எண்ணம் இல்லை. தன்னுடைய இருக்கையில் ஒரு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, தன் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவே.

கதவைத் திறந்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் ஒரு காலை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, இடுப்பை இறக்கினார். இடுப்பு உள்ளே போனது. புது முட்டி போகவில்லை. பின்னால் யாரோ நெட்டையான ஆள் உட்கார்ந்து போனதால், இருக்கை முன்னால் தள்ளிக் கிடந்தது. மடங்குவதற்கு இன்னும் பத்து டிகிரி வேண்டும், முட்டியிடம் அது இல்லை. எழுந்துவிடலாம் என்றால் ஊன்றக் கைத்தடி இல்லை. அது நழுவி வண்டிக்கு அடியில் போய்விட்டது. பாதி மனிதர் காருக்குள், பாதி மனிதர் தெருவில்.

அந்த நேரம் பார்த்து நாலு மணி வகுப்புக்காரர்கள் ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அரைவட்டமாக நின்றார்கள். தொடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

"சார், கொஞ்சம் வலப்பக்கம் ஒடிச்சுப் பாருங்க" என்றார் ஒரு மளிகைக் கடைக்காரர்.

"ஒடிக்கிறதுக்கு இது என்ன ஸ்டியரிங்கா?"

"சார், அப்படியே ரிவர்ஸ்ல வாங்க சார்" என்றார் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். "நான் பின்னாடி பாத்துச் சொல்றேன்."

மூன்றாவது ஆள் இண்டிகேட்டர் போடவா என்று கேட்டார். மாஸ்டருக்கு வசவு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் பாதி உடம்பு வெளியே இருக்கும்போது முழு அதட்டல் வராது என்பதை அன்று தெரிந்துகொண்டார்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து நீலப் பையோடு பிசியோ வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டார். குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அதுவே மாஸ்டருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"வலிக்குதா சார்?"

"வலி இருக்கு. மானம்தான் இல்ல."

"மூச்சை நல்லா விடுங்க. ஆபரேஷன் காலை நீட்டுங்க. எதையும் இழுக்காதீங்க." மளிகைக்காரரைப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கமா ஏறி இருக்கையைப் பின்னாடி தள்ளுங்க, முழுசா. சாய்வையும் சாய்ங்க" என்றார். இருக்கை பின்னால் போனதும் முட்டிக்கு இடம் கிடைத்தது. மெல்ல அவரை எழுப்பி நிறுத்தினார். வங்கிப் பெண் வண்டிக்கு அடியிலிருந்து கைத்தடியை எடுத்துக் கொடுத்தார்.

"போதும், உள்ள போயிடலாம்" என்றார் மாஸ்டர், தலை நிமிராமல்.

"எதுக்கு சார்? ஏற வந்தீங்கல்ல, ஏறிட்டே போகலாம்." பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து இருக்கைமேல் விரித்தார். "காரில ஏற முறை இருக்கு. கால் முதல்ல இல்ல, இடுப்பு முதல்ல. காருக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. ஆபரேஷன் கால் கொஞ்சம் முன்னாடி. கையை இருக்கையில ஊனி மெதுவா உக்காருங்க. இந்தப் பை வழுக்கும், அப்படியே பின்னால நகருங்க. இப்ப ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்புங்க."

மாஸ்டர் திருப்பினார். இரண்டு காலும் உள்ளே இருந்தன. அந்த ஐந்து பேரும் கைதட்டினார்கள். சொந்த வண்டியில் ஏறியதற்குக் கைதட்டல் வாங்கிய முதல் மாஸ்டர் அவராகத்தான் இருக்கும்.

மைத்துனர் வரும்வரை காத்திருக்கக் கூட்டம் உள்ளே போனது. பிசியோ கதவோரம் நின்றார். மாஸ்டர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தார்.

"அன்னிக்கு இருந்தது பழைய வண்டி" என்றார்.

"என்னிக்கு சார்?"

"நீங்க கத்துக்க வந்தப்ப. கிளட்ச் கொஞ்சம் டைட்டுதான் அதுல. எனக்கே கஷ்டமா இருக்கும். உங்க மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது."

பிசியோ அதைக் கேட்டுக்கொண்டார். மாஸ்டரிடமிருந்து மன்னிப்பு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம் என்பது அவருக்குப் புரிந்தது.

"ஆமா சார். டைட்டாத்தான் இருந்துச்சு" என்றார்.

பல் பிடுங்கிப் பஞ்சு வைத்த வாயோடு திரும்பிய மனைவியால் அன்று திட்ட முடியவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "சாவி இனி என்கிட்ட."

அதற்கப்புறம் மாஸ்டர் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். பயிற்சியில் மாறினார், அவ்வளவுதான். மாத்திரை போட்டு அரை மணி கழித்துத் தொடங்கினால் வலி குறைவு என்று கண்டுபிடித்தார். அதை டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாலும் தன் கண்டுபிடிப்பாகவே வைத்துக்கொண்டார். பயிற்சி முடிந்ததும் ஐஸ் பையை இருபது நிமிஷம் வைத்துக் காலை உயர்த்திப் போட்டார். வீட்டில் படி இல்லாததால் எதிர்வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கப் பழகினார். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். எதிர்வீட்டுக்காரர் தினமும் பத்து மணிக்குக் கதவைத் திறந்து பார்த்து, "யாரு? ஓ, நீங்களா" என்று மூடிவிடுவார். தொண்ணூறு வந்தது. நூறு வந்தது. நூற்றைந்தில் பத்து நாள் நகராமல் நின்று, வீட்டில் எல்லோர் உயிரையும் எடுத்துவிட்டு, நூற்றுப் பதினெட்டுக்குப் போனது.

இடையில் மருந்துக் கடை வரிசையில் யாராவது முட்டியைத் தடவினால் போதும். இவர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டித் தழும்பைக் காட்டி, அங்கேயே காலை மடக்கிக் காண்பிப்பார். மூன்று பேரை இப்படி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தார். ஒருவர் பயந்து வேறு மருந்துக் கடைக்கு மாறிவிட்டார்.

ஏழாவது வாரத்தில் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். பக்கத்து இருக்கைக்குத் திரும்பிய முதல் வாரம் மாஸ்டர் மைத்துனரைப்போல், "ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது மிரட்டலாகவே வந்தது. மாணவர்கள் நடுங்கினார்கள். இரண்டாவது வாரம் பழைய வசவுக்கே திரும்பினார். அவர்களுக்கும் நிம்மதி. பாதி நாள் வகுப்பை மைத்துனருக்கே விட்டுக்கொடுத்தது மட்டும் புதுசு. காரணம் கேட்டால் முட்டியைக் காட்டுவார்.

பிசியோவிடம் ஒருநாள் பெரிய மனது பண்ணி, "நீங்க வந்தீங்கன்னா நானே கத்துக் குடுக்கறேன். புது வண்டி, பஞ்சு மாதிரி கிளட்ச்" என்றார்.

"வேண்டாம் சார். எனக்கு பஸ்தான் பிடிக்கும். ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பாக்கலாம். யாரும் திட்ட மாட்டாங்க."

மாஸ்டருக்கு இரண்டு நாள் மனத்தாங்கல். மூன்றாம் நாள்தான் கடைசி வகுப்பு. பிசியோ கோணமானியை எடுக்கவே இல்லை. "வாங்க சார், வெளியே போகலாம். பஸ் படி ஏறத் தெரிஞ்சாத்தான் பயிற்சி முடிஞ்ச மாதிரி" என்று நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனார்.

பேருந்தில் ஏறி முப்பது வருஷம் இருக்கும் மாஸ்டருக்கு. படி எதிர்வீட்டுப் படியைவிட உயரம். கம்பியைப் பிடித்தார், நல்ல காலை வைத்தார், மற்றதை இழுத்தார். ஏறிவிட்டார். ஏறிய வேகத்தில் டிரைவருக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

பேருந்து கிளம்பியது. முதல் திருப்பத்தில் மாஸ்டர் நாக்கைக் கடித்தார். இரண்டாவதில் பொறுக்க முடியவில்லை.

"ஏம்ப்பா, கியரைக் குறைக்காமலா திரும்புவ? முன்னாடி சைக்கிள் போகுது, கண்ணு எங்க இருக்கு?"

டிரைவர் கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் வண்டியை மெத்தென்று நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பெரியவரே, காலி சீட்டு இருக்கு. போய் உக்காருங்க."

பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிசியோ ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே தீவிரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் லேசாக ஆடியது. மாஸ்டர் அவருக்குப் பின்சீட்டுக்குப் போய், எதையும் பிடிக்காமல், முட்டியை மடக்கி உட்கார்ந்தார்.

"சைக்கிளை இடிச்சிருப்பான்" என்றார் பக்கத்துப் பயணியிடம்.

"இடிக்கலியே" என்றார் அவர்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "ம். நிறுத்தினது பரவாயில்ல" என்று ஒத்துக்கொண்டார். கடைசி நிறுத்தம்வரை போய், அதே பேருந்திலேயே திரும்பி வந்தார்கள்.